பேசிப் பார்த்து ஆள் எடுப்பதா, மதிப்பெண் தாள் வைத்தா?

நேர்காணலில் ஒரே ஆளுக்கு ஒருவர் 8 போடுவார், பக்கத்தில் இருப்பவர் 4 போடுவார். எந்த முறையில் இந்த இடைவெளி குறையும்?

செலவு: மனம்போல் பேசுவதற்குத் தயாரிப்பே வேண்டாம். மதிப்பெண் தாள் என்றால் எல்லோருக்கும் ஒரே கேள்வி, பதிலுக்கு இத்தனை மதிப்பெண் என்று ஓர் அளவுகோல்; அதை முன்கூட்டியே உட்கார்ந்து எழுத வேண்டும்.

துல்லியம்: இங்கேதான் விஷயம். 2022-இல் அமெரிக்க உளவியலாளர் பால் சாக்கெட்டின் குழு பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது, நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பின்னர் காட்டும் வேலைத்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) பேசிப் பார்க்கும் முறைக்கு 0.19, தாள் முறைக்கு 0.42. தாள் இருந்தாலும் தாராளக் கை, கறார்க் கை உண்டுதான். கலந்து பேசாமல் தனித்தனியே போட்டு, அப்புறம் சராசரி எடுத்தால் பெருமளவு அடங்கும்.

எளிமை: முதலாவதுதான், சந்தேகமே இல்லை.

கடைக்கு ஒரே ஓர் உதவியாளர் என்றால் பேசிப் பாருங்கள், கூடவே ஒருநாள் வேலை கொடுத்தும் பாருங்கள். பல விண்ணப்பங்களை மூன்று அதிகாரிகள் பார்க்கிறார்களா? தாள் இல்லாமல் உட்காரவே வேண்டாம்.