நாரி நோவுக்கு கைரோபிராக்டிக் எடுக்கப் போகிறீர்களா?

விதைப்பு, அரிவு வெட்டு என்று குனிந்தே காலம் போன அம்மாவுக்கு நாரி நோ. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவில் ஓர் இடத்துக்கு கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு, அதாவது முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி அசைத்துச் செய்கிற சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குறையும் எழுதப் போவதால் இடத்தின் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் பெரும்பாலும் கதையும் பரிசோதனையும்தான். கட்டிலில் ஏறியதும் கழுத்தைத் திருப்புகிற இடமென்றால் எழும்பி வந்துவிடுங்கள். இங்கே சிகிச்சை செய்பவர், நோ எப்போது தொடங்கியது, கால்வரை இழுக்கிறதா, விறைக்கிறதா, இரவில் கூடுகிறதா, சலம் போவதில் மாற்றம் உண்டா என்று ஆறுதலாகக் கேட்டார். குதிக்காலில் நடக்கச் சொல்லி, முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டி, பிறகு பெருவிரலால் முள்ளந்தண்டை ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டே கீழே வந்தார். ஓரிடத்தில் அம்மா "அதிலதான்" என்று கையைப் பிடித்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

நிரப்பத் தந்த படிவத்தில் சீனி, பிரஷர், ஒப்பரேஷன் எல்லாம் இருந்தன, உடம்பில் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் இல்லை. வன்னி ஆக்கள் வந்துபோகிற இடத்தில் இதைக் கேட்காமல் விடுவது மிகப் பெரிய குறை. 2009இல் பட்ட துண்டொன்று அம்மாவின் தோள்பட்டைக்குக் கிட்ட இன்னும் இருக்கிறது. நான் சொன்ன பிறகுதான் எக்ஸ்றே எடுத்துவரச் சொன்னார், மேல் முதுகையும் கழுத்தையும் கடைசிவரை தொடவில்லை. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் அங்கேயும் கட்டாயம் சொல்லுங்கள், அந்த மெஷினிலுள்ள பலமான காந்தம் உடம்புக்குள்ளே இருக்கிற இரும்பை அசைக்கக்கூடியது.

வயதுக்கு எலும்பு நலிந்திருக்கலாம் என்பதால் சடாரென்று முறிக்காமல் மெதுவாக அழுத்தி அசைக்கிற முறையைத்தான் செய்தார். வீடியோக்களில் கேட்கிற "டக்" சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாவதால் வருவது, விலகிய எலும்பு இடத்துக்கு வந்த சத்தமில்லை. அது வராவிட்டால் காசு வீண் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கும் மறுநாளும் உடம்பு கொஞ்சம் உளையும், அது வழமை. கழுத்தைச் சடாரென்று திருப்புவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, அரிதாக என்றாலும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

உண்மையில் அம்மாவுக்குக் கைகொடுத்தது பாயில் படுத்துச் செய்யக் கொடுத்த பயிற்சிகள் என்றுதான் நினைக்கிறேன். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டலும் நாரி நோவுக்கு இப்படியான கைச்சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்யச் சொல்கிறது. நோ முழுதாகப் போகவில்லை, ஆனால் இப்போது பிடிமானமில்லாமல் எழும்புகிறார்.

பல தடவைக்கும் சேர்த்து முற்பணம் கட்டினால் கழிவு என்றார்கள், நான் கட்டவில்லை. ஒவ்வொரு முறையும் கட்டுங்கள், சில கிழமைகளில் மாற்றம் தெரியாவிட்டால் திரும்பப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சீனி, ஆஸ்மாவையும் இதால் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கால் பலமிழந்தால், இருக்கிற இடம் மரத்தால், சலம் அடைத்தால் இதற்கெல்லாம் போகாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். செலவு கட்டாதவர்கள் அரச வைத்தியசாலை ஓபிடியில் காட்டி பிசியோதெரபிக்குத் துண்டு கேளுங்கள், நாரிக்கான பயிற்சிகளை அங்கே காசில்லாமலே பழக்குவார்கள்.