காதுக்கு அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா?

என் வலது காதில் ஆபரேஷன் நடந்து 11 வருடம் ஆகிறது. நடந்தது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். அதற்கு முந்தைய 3 வருடங்கள் தனியார் கிளினிக்குகளில் கழிந்தன. இரண்டு இடத்து பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். என் சாய்வு அரசு பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்ன விஷயங்களுக்கு இந்த யோசனையே வேண்டாம். குறும்பி அடைத்துக்கொண்டது, குளித்த பிறகு காது அரிக்கிறது, சளியோடு காதுவலி வந்திருக்கிறது என்றால் எந்த ஈ.என்.டி. டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரோ அவரிடம் போகலாம். தனியாரில் கால் மணி நேரத்தில் முடியும், அரசு ஓ.பி.யில் அரை நாள் போகும். வேலை ஒன்றுதான்.

இன்னொன்றுக்கும் ஒப்பீடு தேவையில்லை, காரணம் வேறு. காலையில் எழுந்தால் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, வலியும் இல்லை, சீழும் இல்லை. அப்போது வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். சத்தம் கேட்காத காதுப் பக்கமே அதிகமாகக் கேட்டால், பெரும்பாலும் அடைப்பு. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் உள்காது நரம்பின் மேல் சந்தேகம் வரவேண்டும். வீட்டுச் சோதனை ஒரு குறிப்புதான், கேட்கும் திறனை அளந்து கோடாகப் போட்டுத் தரும் ஆடியோகிராம்தான் முடிவு சொல்லும். நரம்புக் கோளாறு என்றால் ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்குவது நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். அன்றைக்கே எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் நுழையுங்கள்.

இனி என் கதை. வலியே இல்லாமல் காதில் சீழ் வடியும், நாற்றம் அடிக்கும். சொட்டு மருந்து போட்டால் ஒரு மாதம் காய்ந்திருக்கும், அப்புறம் மறுபடி. மூன்று கிளினிக் மாறினேன். ஒவ்வொருவரும் டார்ச் அடித்துப் பார்த்து வேறொரு சொட்டு மருந்து எழுதினார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வடிவது நின்றதும் போகாமல் விட்டவன் நான்தான், அடுத்த முறை வேறு டாக்டரைத் தேடியவனும் நான்தான். நான்காவதாகப் பார்த்தவர், அவரும் தனியார்தான், மைக்ரோஸ்கோப்பில் சுத்தம் செய்து பார்த்துவிட்டு கொலஸ்டியடோமா என்றார். தோல், இருக்கக்கூடாத நடுக்காதில் வளர்ந்து, செதில் செதிலாகச் சேர்ந்து, சுற்றியுள்ள எலும்பை அரிக்கும் நோய். கேன்சர் கிடையாது, ஆனால் விட்டுவைத்தால் காதெலும்புகளைத் தின்றுவிட்டு முக நரம்பு, மூளை உறை வரை போகக்கூடியது. மருந்தில் போகாது, ஆபரேஷன்தான்.

அவர் தன் மருத்துவமனையிலேயே அடுத்த வாரம் செய்து தருவதாகச் சொன்னார். தனி அறை, முழு மயக்கம், மூன்றாம் நாள் வீடு. கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்: "ஆபரேஷன் ஒரு நாள் வேலைங்க. அதுக்கப்புறம் அந்தக் குழியை ஆயுசு முழுக்க யாராவது சுத்தம் பண்ணணும். அது யாருன்னு இப்பவே யோசிச்சுக்குங்க." அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி. நான் அரசு பக்கம் போனதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

அவர் சொன்ன குழி எது என்று விளக்க வேண்டும். காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. செவிப்பறையிலிருந்து தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து வரும், அழுக்கையும் குறும்பியையும் தள்ளிக்கொண்டே வரும். அதனால்தான் பட்ஸ் போடாதே என்கிறார்கள். என்னைப்போல் நோய் பரவியவர்களுக்கு, காதுக்குழாயின் பின்சுவரை எடுத்துவிட்டு, குழாயையும் பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பையும் ஒரே குழியாக்கிவிடுவார்கள். நோய் திரும்பினால் கண்ணுக்குத் தெரியும், அது நல்லது. ஆனால் அந்த நகரும் பாதை போய்விட்டது. உதிரும் தோல் குழிக்குள்ளேயே தங்கும். 6 மாதத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, சக்ஷன் என்ற உறிஞ்சு குழாய் வைத்து எடுத்தாக வேண்டும். பின்சுவரை விட்டுவைத்துச் செய்யும் வகையிலும் நிம்மதி கிடையாது. உள்ளே மிச்சம் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு வருடம் போல விட்டு மறுபடி திறந்தோ எம்.ஆர்.ஐ. எடுத்தோ பார்ப்பார்கள்.

ஆக, இது வருடக்கணக்கில் ஓடும் கணக்கு. அதில் முக்கியமானது, காது நன்றாக இருக்கும்போதே போய்க் காட்டுவது. ஒன்றும் தொந்தரவு இல்லாத நாளில், பார்ப்பதற்குக் கட்டணம், சுத்தம் செய்யக் கட்டணம், ஆடியோகிராமுக்குத் தனிக் கட்டணம் என்று கொடுத்துவிட்டு வர எத்தனை பேருக்கு மனம் வரும்? என் நண்பருக்கும் இதே ஆபரேஷன், பெரிய தனியார் மருத்துவமனையில். வேலை முதல்தரம், தழும்புகூடத் தெரியாது. இரண்டு வருடம் ஒழுங்காகப் போனார். அப்புறம் வடியவில்லையே என்று விட்டார். தலைசுற்றலோடு திரும்பப் போனபோது குழி அடைத்துக் கிடந்தது, ஆபரேஷன் செய்தவர் அங்கே இல்லை, பழைய ஃபைலும் கிடைக்கவில்லை. என் சுபாவத்துக்கு நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். அரசு ஓ.பி.யில் சீட்டு எடுத்தால் போதும் என்பதால் மட்டுமே விடாமல் போகிறேன்.

அரசு டாக்டர்களும் மாறுகிறார்கள், இடமாற்றம் உண்டு. ஆனால் அங்கே துறை இருக்கிறது, நோட்டு இருக்கிறது. என் 11 வருட ஆடியோகிராம்களும் ஒரே ஃபைலில் கிடக்கின்றன. ஒரு ஆடியோகிராம் தனியாக அதிகம் பேசாது, இரண்டைப் பக்கத்தில் வைத்தால்தான் பேசும். 5 டெசிபல் வித்தியாசம் சோதனையிலேயே வரக்கூடியது. அதற்கு மேல் எலும்புவழிக் கோடு, அதாவது மண்டை எலும்பு வழியாகச் சத்தம் அனுப்பி உள்காதை நேராக அளக்கும் கோடு, இறங்கியிருந்தால், உள்காது பாதிக்கப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். நான்கு கிளினிக்கில் நான்கு மெஷினில் எடுத்தவற்றை வைத்து இப்படிப் படிப்பது கஷ்டம்.

அரசு பக்கத்துக் குறைகளும் உண்டு. எனக்குத் தேதி கிடைக்க ஏழு வாரம் ஆனது. கொலஸ்டியடோமா பொதுவாக மெதுவாக வளர்வது, அதனால் காத்திருந்தேன். வாய் கோணுவது, கடும் தலைசுற்றல், காய்ச்சலோடு தலைவலி, காதின் பின்னால் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. பெரும்பாலும் மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. மாணவர்தான் சுத்தம் செய்வார், கைப்பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருமுறை அவசரமாக சக்ஷன் வைத்ததில் அறையே சுழன்றது. திறந்த குழியில் உள்காதின் சமநிலைக் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, குளிர்ந்த காற்று பட்டாலே சுற்றும். இப்போதெல்லாம் "படுத்துக்கொண்டே செய்யுங்கள்" என்று நானே சொல்லிவிடுகிறேன். விளக்கம் கேட்டால் இரண்டு வரிதான் கிடைக்கும், பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். அந்த விஷயத்தில் தனியாருக்குத்தான் மதிப்பெண்.

காது கேட்கும் கருவி பற்றி என் அனுபவம் குறைவு, பல முறை சரிசெய்யப் போக வேண்டும் என்பதால் அதிலும் தூரமும் தொடர்ச்சியும்தான் முக்கியம் என்று ஊகிக்கிறேன். நடுக்காதின் கடைசிக் குட்டி எலும்பான ஸ்டேப்ஸ் இறுகி, காது மந்தமாகும் ஓட்டோஸ்க்ளெரோசிஸ் நோயின் ஆபரேஷனுக்கு என் வாதம் அப்படியே பொருந்தாது. அதில் நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் அந்தக் காது முழுதாகவே போய்விடும் ஆபத்து உண்டு. எந்த மருத்துவமனை என்பதைவிட, இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று டாக்டரையே கேட்டுவிடுவது மேல்.

எங்கே செய்துகொண்டாலும் ஆபரேஷன் நோட்ஸ் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பின்சுவர் இருக்கிறதா எடுத்தாச்சா, ஸ்டேப்ஸ் மிச்சம் இருக்கிறதா, முக நரம்பு மேலே எலும்பு மூடாமல் திறந்து கிடக்கிறதா, இந்த மூன்றும் அதில் இருக்கும். அடுத்து அந்தக் காதைத் தொடப்போகிறவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

எனக்கு அடுத்த தேதி வருகிற வியாழக்கிழமை. காது காய்ந்துதான் இருக்கிறது, இருந்தாலும் போக வேண்டும்.