கோட்டே சட்டமூலமும் கைதடி நியதிச்சட்டமும்

இலங்கையின் வடமாகாணத்துக்கு ஒரு சட்டம் வேணுமெண்டால் வழி இரண்டு: கோட்டேயிலுள்ள நாடாளுமன்றத்துக்கு வரும் சட்ட வரைவான சட்டமூலம், கைதடியிலுள்ள மாகாணசபை இயற்றும் சட்டமான நியதிச்சட்டம்.

சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும். பிறகு நாடாளுமன்ற அலுவல் பட்டியலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி முதலாம் வாசிப்பு, விவாதம் இல்லை. எதிர்க்க விரும்புகிறவர் நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம் போகவேண்டிய குறுகிய நேரம் இதுதான். மன்றம் மூன்று வாரத்தில் முடிவு சொல்லும். சபாநாயகர் சான்றுரைத்த பிறகு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க ஏலாது.

இரண்டாம் வாசிப்பில் கொள்கை விவாதம், குழுநிலையில் வாசகம் வாசகமாகத் திருத்தம், மூன்றாம் வாசிப்போடு நிறைவு. வில்லங்கம் குழுநிலையில்தான். அங்கே செருகப்படுவது வர்த்தமானியில் வராதது, வழக்காடவும் நேரமில்லை. 2017இல் பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்கென்று வந்த மாகாணசபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலத்தில், குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றினார்கள். அந்தப் புது முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. மாகாணசபைத் தேர்தல் அதோடு முடங்கியது.

நியதிச்சட்டத்தின் தடை வேறிடத்தில்: ஆளுநரின் மேசையில். அவர் ஒப்புதல் தரலாம், மீளாய்வுக்குத் திருப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினாலும், சனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப் பிடித்து வைக்கலாம். வரி, செலவு சம்பந்தப்பட்டதென்றால் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபைக்குள்ளேயே கொண்டுவர முடியாது. மாகாண நிரலில், அதாவது மாகாணசபைக்கு அதிகாரமுள்ள விடயங்களின் பட்டியலில், உள்ள உள்ளூர் விடயத்துக்கு எங்கள் தெரிவு இதுவே. ஆனால் 38 உறுப்பினர் சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது.