லோகோ வந்தால் ஒரிஜினல் என்று நம்பிவிடாதீர்கள்

நிண்டெண்டோ கம்பெனியின் கையடக்க வீடியோ கேம் கருவியான பழைய கேம் பாய் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் பாலக்காட்டில் ஒரு கடையில் 9,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். சின்ன வயதில் மாமா ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கேம் பாயில்தான் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் கேமைப் பழகினேன். நாலு பென்சில் பேட்டரியும் தீர்ந்தால் அன்றைக்கு வீட்டில் அழுகைதான். அது எப்போதோ தொலைந்துபோனது. அதனால், "கல்ஃப்காரர் வீட்டுப் பெட்டியில கிடந்தது, 1989 மாடல்" என்று கடைக்காரர் சொன்னதுமே மனசு இளகிவிட்டது. கருவிக்கு 6,000, கிடைக்காத பொருள் என்று சொல்லி, கருவியில் செருகும் டெட்ரிஸ் கேம் வில்லைக்கு, அதாவது காட்ரிட்ஜுக்கு 3,500.

"ஒரிஜினல்தானே சேட்டா?"

சுவிட்சைப் போட்டார். நிண்டெண்டோ என்ற எழுத்து மேலிருந்து மெதுவாக இறங்கி, நடுவில் நின்று டிங் என்றது. "கண்டோ தம்பி, லோகோ வந்தல்லோ. டூப்ளிகேட்ல வருமா?"

வரும். அந்த லோகோவைக் கருவி காட்ரிட்ஜிலிருந்துதான் படிக்கிறது. தன்னிடம் இருக்கும் லோகோவோடு ஒத்துப்பார்த்து, சரியாக இருந்தால்தான் கேமை ஓடவிடும். அதனால் போலி செய்கிறவன் லோகோவைக் காப்பியடித்தே ஆகவேண்டும். லோகோவுக்கும் அசலுக்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். காட்ரிட்ஜின் முதுகில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ. அமெரிக்காவில் விற்ற அசலில் 3.8 மி.மீ. விசேஷ ஸ்க்ரூ இருக்கும், நம் வீட்டுத் திருப்புளிக்கு அசையாது. கழற்றினால் உள்ளே தார் சொட்டியதுபோல் ஒரு கறுப்புக் குமிழ். பெரும்பாலான அசல்களில் கால் வைத்த சிப் இருக்கும், போர்டில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். லேபிளைச் சாய்த்துப் பார்த்தேன், பெரும்பாலான அசல்களில் அழுத்தியிருக்கும் எண்ணும் இல்லை.

கருவியின் உள்போர்டு பழசு, அசல்தான். ஆனால் வெளியே இருக்கும் பிளாஸ்டிக் ஓடு புதுசு. பின்பக்கத்து சீரியல் ஸ்டிக்கரைக் காணோம், பேட்டரித் தகட்டில் பச்சை பூத்திருந்தது. கீறலே இல்லையே என்று கடையில் சந்தோஷப்பட்டேன், அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சேகரிப்பவர்கள் ஓடு மாற்றியதற்கு அசல் விலை தரமாட்டார்கள். டெட்ரிஸும் அரிய காட்ரிட்ஜ் இல்லை. 1989ல் அமெரிக்காவில் கருவியோடு சேர்த்தே கொடுத்தார்கள், லட்சக்கணக்கில் இருக்கிறது.

திரும்பக் கொண்டுபோனேன். "ஓடுதல்லோ தம்பி? அப்புறம் என்ன?" என்றார். பில் கேட்டு வாங்காதது என் கையைக் கட்டிவிட்டது.

காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே காட்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள். அந்த 3.8 திருப்புளியை நானும் இப்போது வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.