எந்த இன்ஜின் பெரிது? பல வருடம் ஒரே கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்தவனின் அனுபவம்

புது கேமின் டிரெய்லர் வந்த அன்றே எங்கள் நண்பர்கள் வட்டத்தில் முதல் கேள்வி, "எந்த இன்ஜின்?" என்பதுதான். இன்ஜின் என்பது கேமைக் கட்டவும் ஓட வைக்கவும் உதவும் அடிப்படை மென்பொருள். அது அன்ரியல் 5 என்று தெரிந்தால் போதும், "அப்போ கண்டிப்பாகத் திணறும்" என்று தீர்ப்பு வந்துவிடும். டூம் கேம்களின் ஐடி டெக் என்றால் வாங்கும் முன்பே பாராட்டு. கிரைஇன்ஜின் பேச்சை எடுத்தால் 2007-ல் வந்த கிரைசிஸ் வரைக்கும் போவார்கள். எனக்கும் இந்த விவாதம் பிடிக்கும், நேரம் போவதே தெரியாமல் பேசுவேன். ஆனால் இத்தனை இன்ஜின்களின் கேம்களையும் ஒரே கம்ப்யூட்டரில் வருடக்கணக்கில் ஆடிய பிறகு என் முடிவு இது: இன்ஜினுடைய குணம் உண்மையாகவே தெரியும் இடங்கள் சில உண்டு. அந்த இடங்களைப் பற்றிப் பேசாமல் பெயரை மட்டும் வைத்து அடித்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் விளங்காது.

மெஷினைச் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5 5600, 16 ஜிபி ரேம், 8 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 1440பி மானிட்டர். நடுத்தரமான செட்டப். திரையின் மூலையில், ஒவ்வொரு ஃபிரேமும் (படமும்) வர எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஃபிரேம் டைம் கோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று சொல்லும் எஃப்பிஎஸ் எண்ணை விட அந்தக் கோட்டைத்தான் நம்புவேன். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லி செகண்டுக்குள் வந்தாக வேண்டும். சராசரி 80 எஃப்பிஎஸ் காட்டும் கேமில் கூட நடுவே ஒரு ஃபிரேம் 120 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டால், விக்கல் வந்த மாதிரி படம் ஒரு கணம் நின்று போகும். சராசரி எண்ணில் அது தெரியவே தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

அன்ரியல் மேல் உள்ள கோபத்தில் பாதிக்கு மேல் இந்த விக்கல்தான் காரணம். அது ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் சண்டையின் சூடு பாதி தணியும்.

ஒரு பொருளின் மேல் வெளிச்சம் எப்படி விழ வேண்டும், தோல் எப்படித் தெரிய வேண்டும், தண்ணீர் எப்படி மின்ன வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சின்னச் சின்ன புரோகிராம்கள்தான் ஷேடர்கள். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலில் எல்லோரிடமும் ஒரே சிப், அதனால் ஷேடர்களை அந்தச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றி, அதாவது கம்பைல் செய்து, கேமோடு அனுப்பிவிடலாம். பிசியில் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்). அதனால் அந்த வேலை நம் மெஷினில்தான் நடந்தாக வேண்டும். அதை கேம் தொடங்கும் முன்பே முடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது, முதல் முறை ஒரு தீப்பிழம்பு திரையில் வரும் அந்த நொடியில் செய்தால், அங்கே தடங்கும்.

அன்ரியலில் ஓவியர்களே புரோகிராம் எழுதாமல், கட்டங்களை இணைத்து மெட்டீரியல் (பொருளின் மேற்பரப்புத் தோற்றம்) உருவாக்க முடியும். அதுதான் அதன் பெரிய பலம். தொல்லையும் அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு மெட்டீரியலும் பல வகை ஷேடர்களாகப் பெருகி, கணக்கு பல்லாயிரத்தில் போய் நிற்கும். இதற்கு நேர் எதிர்முனையில் இருந்தது ஐடி டெக் 6. 2016-ல் வந்த டூம் கேமில் சுமார் 100 ஷேடர்கள், 350 பைப்லைன் ஸ்டேட்கள் (ஷேடர்களும் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்புகள்)தான் இருந்தன என்று அந்த அணியே அந்த வருட சிக்கிராஃப் கிராபிக்ஸ் மாநாட்டில் சொன்னது. அவ்வளவு குறைவாக இருந்தால் மொத்தத்தையும் முன்பே தயார் செய்துவிடலாம். அந்த அணியின் ஓவியர்கள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கி வேலை செய்தார்கள், நமக்கு வெண்ணெய் மாதிரி ஓடும் கேம் கிடைத்தது. அதாவது இது இன்ஜினின் சாமர்த்தியம் மட்டும் இல்லை, ஓர் அணி தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஒழுங்கு. அன்ரியலை உருவாக்கும் எபிக் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. தேவையான பைப்லைன்களை முன்பே தயாரித்து வைக்கும் வசதியை அன்ரியல் 5-ன் அடுத்தடுத்த பதிப்புகளில் மேம்படுத்தியது. 2025-ல் இந்தத் தடங்கலைப் பற்றியே விரிவாக விளக்கமும் எழுதியது. பழைய பதிப்பில் வேலையைத் தொடங்கிய ஸ்டுடியோ நடுவழியில் மாறுவது சுலபம் இல்லை என்பதால், அந்தப் பலன் நம் கைக்கு வந்து சேரத் தாமதமாகிறது.

இன்னொரு வகைத் தடங்கல் உண்டு. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு ஓடும்போது, எல்லை தாண்டும் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் வரும். அது ஷேடர் பிரச்சினை இல்லை. புதுப் பகுதியின் பொருட்களை மெமரிக்குள் இழுத்து, அவற்றை உயிர்ப்பிக்கும் வேலை பிராசசரில் ஒரே கோர் மேல் குவிவதால் வருகிறது. இதற்குக் கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பயன் இல்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கையில் இருக்கும் பணத்தைக் கார்டில் போட்டுவிட்டு, தடங்கல் அப்படியே இருக்கிறதே என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அழகுக்கு வருவோம். அன்ரியல் 5 என்றால் நானைட், லூமென் இரண்டும்தான். 2020 மே மாதம் பிளேஸ்டேஷன் 5-ல் ஓடுவதாக எபிக் காட்டிய அந்த முதல் டெமோ இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நானைட் ஒரு பொருளை 128 முக்கோணங்கள் வரை கொண்ட சின்னக் கொத்துகளாகப் பிரித்து வைத்து, நாம் நிற்கும் தூரத்துக்குத் தேவையான நுணுக்கத்தை மட்டும் வரைகிறது. இதன் அருமை பிளாக் மித்: வுகோங் ஆடும்போது புரிந்தது. சீனாவின் ஷான்ஷி மாகாணக் கோயில்களையும் சிலைகளையும் ஸ்கேன் செய்து அந்த கேமில் வைத்திருக்கிறார்கள். சண்டை முடிந்ததும் ஒரு சிலையின் அருகில் போய் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனேன். ஆடை மடிப்பின் ஓரம், உளி பட்டுச் சிதைந்த விரல், கல்லின் சொரசொரப்பு எல்லாம் அப்படியே இருந்தன. பின்னால் நடந்து வந்தால் சட்டென்று உருவம் மாறுவதும் இல்லை. பழைய கேம்களில் நாலடி தள்ளிப் போனாலே பொருள் டபக்கென்று எளிய வடிவத்துக்கு மாறுவது கண்ணில் படும். அது இங்கே ஒழிந்தது. இதற்காக மட்டுமே நானைட்டைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

லூமென் விஷயத்தில் எனக்கு அவ்வளவு முழு மனது இல்லை. வெளிச்சம் சுவரில் பட்டு அடுத்த சுவருக்குத் தாவுவதை ஓடும்போதே கணக்கிடுவது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது பல ஃபிரேம்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் கணக்கை முடிக்கும். இருட்டான குகைக்குள் நின்று டார்ச்சை அணைத்துப் பாருங்கள். விளக்கு உடனே அணையும், சுவரில் படிந்த வெளிச்சம் மட்டும் மெதுவாக வடியும். குறைந்த செட்டிங்கில் மூலைகளில் சின்னப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். பகல் வெளிச்சக் காட்சியில் இதெல்லாம் தெரியாது. இருட்டை நம்பி எடுக்கப்படும் திகில் கேமில் தெரியும்.

இந்த இடத்தில்தான் கிரைஇன்ஜின் ஆட்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆசை. செத்துப்போன இன்ஜின் என்று எல்லோரும் ஒதுக்கிய நேரத்தில், 2025 பிப்ரவரியில் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2 வந்தது. அதன் பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) காட்டில் விடியற்காலையில் குதிரையில் போனபோது, இலைகளுக்கு நடுவே விழும் வெயில் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது. ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் எதுவும் தேவையில்லை, இடத்தைச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடும் பழைய வாக்ஸெல் முறை வெளிச்சம்தான். என் மெஷினில் ஃபிரேம் டைம் கோடு நேராகப் போனது. அதை எடுத்த வார்ஹார்ஸ் அணி அந்த இன்ஜினை முதல் பாகத்திலிருந்தே கையாண்டு, அதன் பலம் பலவீனம் எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரே இன்ஜின், வேறு வேறு முடிவு என்பதற்குச் சான்று வேண்டுமா? கேப்காமின் ஆர்இ இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் ரெசிடென்ட் ஈவில் 2, டெவில் மே கிரை 5 இரண்டும் சாதாரண மெஷினிலும் ஓடி, "இதுதான் உலகத்திலேயே சிறந்த இன்ஜின்" என்று ரசிகர்களைப் பேச வைத்தன. 2024-ல் அதே இன்ஜினில் டிராகன்ஸ் டாக்மா 2 வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் மக்கள் கூட்டத்தைக் கணக்கிட முடியாமல் பிராசசர்கள் திணறின என்று எங்கும் குரல் எழுந்தது. 2025-ல் மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸுக்கும் அதே வகைப் புகார்கள். குறுகிய நடைபாதைகளுக்காகப் பிறந்த இன்ஜின், பரந்த திறந்த உலகத்தைச் சுமக்கும்போது வேறு கேள்விகளைச் சந்திக்கிறது. யூனிட்டி இன்ஜினிலும் இதே கதைதான். ஹாலோ நைட், கப்ஹெட் போன்ற அழகான கேம்கள் அதில் பிறந்தன. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை அத்தனை அன்போடு காட்டிய வெண்பாவும் யூனிட்டிதான். 2023 அக்டோபரில் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2-வும் யூனிட்டிதான். அதில் தூரத்தில் எறும்பு அளவில் தெரியும் மனிதர்களின் வாய்க்குள் பற்கள் வரை முழு நுணுக்கத்தோடு இருந்தன, தூரத்துக்கு ஏற்றபடி எளிமையாக்கும் வடிவங்கள் தயாராகவில்லை. இதில் இன்ஜினை மட்டும் திட்டி என்ன பயன்?

பழைய அன்ரியல் 3-க்கும் இது பொருந்தும். 2015 ஜூனில் பேட்மேன்: ஆர்க்கம் நைட் பிசி பதிப்பு அவ்வளவு மோசமாக ஓடியதால் விற்பனையையே நிறுத்தினார்கள், அக்டோபரில்தான் மறுபடி விட்டார்கள். அதே கேமின் மழை நனைந்த நகரம் இன்றைக்கு என் மெஷினில் சொக்க வைக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய இன்ஜின் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

எபிக்கின் டிம் ஸ்வீனி 2025 ஆகஸ்டில் தென் கொரியாவின் சியோலில் பேசியபோது, ஸ்டுடியோக்கள் உயர்ரக மெஷினுக்காகவே கேமைக் கட்டி முடித்துவிட்டு, சாதாரண மெஷினில் ஓட வைக்கும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதான் முக்கியக் காரணம் என்றார். இன்ஜின் விற்கிறவர் அப்படித்தானே சொல்வார் என்று என் நண்பன் கோபப்பட்டான். அவன் கோபத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் கருவியின் இயல்பான அமைப்புகளே கனமாக இருந்தால் சின்ன அணி என்ன செய்யும்? ஆனாலும் ஸ்வீனி சொன்னது பொய் இல்லை. அதே அன்ரியல் 5-ல் தி ஃபைனல்ஸ் கேமில் கட்டடம் முழுக்க இடிந்து விழும்போதும் என் மெஷின் அசரவில்லை. அவர்கள் லூமென் பக்கம் போகாமல் வேறு வெளிச்ச முறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆடுகிறவனாகக் கேட்டால், என் ஓட்டு ஐடி டெக்குக்குத்தான். டூம் எட்டர்னல் மாதிரி என் கைக்கு உடனுக்குடன் பதில் சொல்லும் கேம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இன்ஜினை வெளியாட்கள் வாங்கிப் பயன்படுத்த வழி இல்லை. அன்ரியலை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கேம் 10 லட்சம் டாலர் சம்பாதித்த பிறகுதான் 5 சதவீதம் பங்கு. கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33 எடுத்த பிரெஞ்சு அணியின் மையத்தில் இருந்தவர்கள் முப்பது பேர் அளவுதான். சொந்தமாக இன்ஜின் எழுத உட்கார்ந்திருந்தால் அந்த கேம் நமக்குக் கிடைத்தே இருக்காது. பெரிய ஸ்டுடியோவான சிடி ப்ராஜெக்ட் ரெட் கூட சைபர்பங்க் 2077-க்குப் பிறகு சொந்த ரெட்இன்ஜினை விட்டுவிட்டு அன்ரியலுக்கு மாறியது. அவர்கள் எபிக்கோடு சேர்ந்து உழைத்ததில், பகுதி தாண்டும்போது வரும் அந்தத் தடங்கலைக் குறைக்கும் வேலை 5.6 பதிப்பில் வந்திருக்கிறது. அதை நான் மிகவும் எதிர்பார்க்கிறேன். ஆனாலும் ரெட்இன்ஜினில், ஒளிக்கதிர்களின் முழுப் பாதையையும் கணக்கிடும் பாத் டிரேசிங்கோடு ஓடும் சைபர்பங்க் நகரமான நைட் சிட்டியின் ஈரத் தெருக்கள் இனி வேறு எங்கும் வராது என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

புது கேம் வாங்கினால் நான் செய்வது இதுதான். முதல் முறை திறக்கும்போது ஷேடர் கம்பைல் ஆவதைக் காட்டும் பட்டை ஓடினால், முழுதாக முடியும் வரை தொடமாட்டேன். குளோபல் இல்யூமினேஷன் (சுவரில் பட்டுத் தாவும் வெளிச்சம்), நிழல் இரண்டையும் ஒரு படி குறைப்பேன், டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) 8 ஜிபி மெமரிக்கு ஏற்றபடி வைப்பேன், சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்ஸை குவாலிட்டியில் வைப்பேன். அப்புறம் எஃப்பிஎஸ்ஸை 60-லோ 72-லோ கட்டிப்போடுவேன். ஃபிரேம் டைம் கோடு நேராகிவிடும். டிரைவரைப் புதுப்பித்தால் ஷேடர் எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும் என்பதால், நடுவில் ஓடும் கேமை முடிக்காமல் டிரைவர் பக்கம் போவதில்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பணம் திரும்பக் கேட்க 14 நாளும், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருப்பதும்தான் வரம்பு. கேமுக்குள்ளேயே ஷேடர் கம்பைல் ஆகும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில்தான் கழியும். அதனால் கம்பைல் முடிந்ததும் ஆரம்பக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், நேராகத் திறந்தவெளி வரும் இடத்துக்கு ஓடி, திரும்பித் திரும்பி ஓடிப் பார்த்துவிடுங்கள்.