திருத்தம் பார்க்க: பேனாவா, சொந்தக் குரலா, கணினிக் குரலா?

எழுதியதைத் திருத்த எனக்குத் தெரிந்து மூன்று வழிகள். அச்செடுத்துப் பேனாவோடு உட்காரலாம். நாமே வாய்விட்டுப் படிக்கலாம். கணினியைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். மூன்றையும் பார்த்துவிட்டுக் கடைசி வழியிலேயே தங்கிவிட்டேன்.

அச்செடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்திகளை இடம் மாற்றவும், அடுத்தடுத்த வரிகளில் ஒரே சொல் வருவதைப் பிடிக்கவும் காகிதம்தான் வசதி.

வாய்விட்டுப் படிப்பது பழைய வழி, செலவும் இல்லை. மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம் என்று தெரிந்துவிடும். ஆனால் எழுதியவருக்குப் பொருள் முன்பே தெரியும், சிக்கலே அதுதான். ‘நேற்று வந்த தம்பியின் நண்பர்’ என்று எழுதியிருந்தால் வந்தது தம்பியா, நண்பரா? நான் படிக்கும்போது ‘வந்த’வுக்குப் பின் என்னையறியாமல் நிறுத்துவேன், நண்பர் என்று சரியாகவே கேட்கும். அந்த நிறுத்தம் என் தொண்டையில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. கணினி நம் மனதைப் படிக்காது. எழுதியதை மட்டும் படிக்கும். ‘தம்பியின் நண்பர் நேற்று வந்தார்’ என்று அப்போதுதான் மாற்றத் தோன்றும்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் இது இன்னும் முக்கியம். ‘ஒதுக்கிய பணத்தில் கரையை உயர்த்தி, கன்றுகள் நட்டு, வேலி போடுவதற்குள் பெய்த மழையில் கரை உடைந்ததால் மக்கள் குறை கூறினர்.’ திரையில் கண் இதைத் தாண்டிப் போய்விடும். காதில் கேட்டால், கரையை உயர்த்தியதும் மக்கள்தானோ என்று தோன்றுகிறது. ‘உயர்த்தி’ என்ற எச்சத்துக்கு எழுவாயே இல்லை! ‘ஊராட்சி கரையை உயர்த்தியது, கன்றுகள் நட்டது’ என்று ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, மழையை அடுத்ததில் தொடங்கினால் சரியாகிவிடும்.

படித்துக்காட்ட மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள் உண்டு. இலங்கைத் தமிழுக்கு சரண்யா, குமார். வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள், கூட்டினால் காதும் கண்ணைப் போலத் தாவ ஆரம்பித்துவிடும்.

குறைகளும் உண்டு. விட்டுப்போன ஒற்று காதுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கு நாவி என்ற சந்திப்பிழை திருத்தியில் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். அது சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்பதில்லை. அப்புறம், நான் எழுதுவது கட்டுரைகள்தான். வட்டார வழக்கில் உரையாடல் எழுதுபவர்களுக்கு, கணினிக் குரலைவிடச் சொந்தக் குரலே தோதாக இருக்கலாம்.