தராசு அருமை, கோட்டைக் கதை வேண்டாம்
திருகோணமலையில் ஒரு பழம்பொருள் கடையில் இந்த ஒல்லாந்துக் கடிதத் தராசை வாங்கினேன். படிக்கல்லே தேவையில்லை. தட்டில் கடிதத்தை வைத்ததும் எதிர்ப்பாரம் பொருத்திய கை சாய்ந்து, வளைந்த பித்தளைத் தகட்டில் கிராமைக் காட்டுகிறது. சரிபார்க்க 20 கிராம் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். முள் அதே கோட்டில் அசையாமல் நின்றது. என்ன நேர்த்தியான வேலை!

'பிரெடரிக் கோட்டையில் ஒல்லாந்தர் பயன்படுத்தியது' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ஆங்கிலேயரிடம் அவர்கள் திருகோணமலையிலுள்ள அந்தக் கோட்டையை இழந்தது 1795இல். ஒல்லாந்தரின் நாடான நெதர்லாந்தில் கிராம் முதலிய மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வந்ததோ 1820இல். அந்நாட்டின் முதல் தபால்தலை 1852இல் வெளியானது. எடைக்கேற்ற தபால்தலையை வீட்டிலேயே ஒட்டுவதற்குத்தான் இத்தகைய தராசு வேண்டியிருந்தது.

மரப்பீடத்தில் புதிதாக வார்னிஷ் பூசியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வாங்குபவர்கள் பித்தளையைத் தேய்த்து மினுக்காமல் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். தேய்த்தால் அளவுக்கோடுகள் மங்கிவிடும்.